சிவப்புக்கு வாக்களிக்கும் ஊரும் சங்கமில்லாத ஆலைகளும்

திண்டுக்கல்லின் அரசியல் பெருமை என்றால் எல்லோருக்கும் 1973 மே மாத இடைத்தேர்தல்தான் நினைவுக்கு வரும். அதிமுகவின் மாயத்தேவர் வென்றார், இரட்டை இலை தன் முதல் வெற்றியைக் கண்டது. இன்னொரு பெருமையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் பாலபாரதியை 2001, 2006, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. 2024 மக்களவைத் தேர்தலில் அதே கட்சியின் சச்சிதானந்தம் இங்கே 4 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். கூட்டணிக் கட்சிகளின் வாக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், செங்கொடியை அந்நியமாகப் பார்க்காத ஊர் என்று சொல்லலாம். ஆனால் ஊரைத் தாண்டி வேடசந்தூர்ப் பக்கம் போனால், சாலையோரம் வரிசையாக நிற்கும் நூற்பாலைகளில் தொழிற்சங்கம் உள்ள ஆலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாக்குச் சாவடியில் இருக்கும் குரல் ஆலை வாசலில் ஏன் இல்லை? பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கும் எதேச்சாதிகாரத்துக்கும் உள்ள உறவை யோசிக்க இந்தக் கேள்வி நல்ல தொடக்கம். அந்த உறவைப் பற்றி நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. சந்தை திறந்தால் ஜனநாயகம் பின்னாலேயே வந்துவிடும் என்பது ஒன்று. நவதாராளமயம் என்றாலே சர்வாதிகாரம்தான் என்பது மற்றது. முதலாவதற்குச் சீனா ஒன்றே மறுப்பு. இரண்டாவதற்குத் தமிழ்நாடே மறுப்பு: 1991க்குப் பிறகு இங்கே ஆட்சிகள் தேர்தலில்தான் மாறின. ஆட்சி மாறியும் சீர்திருத்தம் நிற்கவில்லை.

உறவு இருக்கிறது என்பதே என் வாதம். ஆனால் அதைக் கோட்டையில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஒரு சீர்திருத்தம் யார் பிழைப்பில் கை வைக்கிறதோ, அவர்கள் 'முடியாது' என்று சொல்லக்கூடிய இடம் எதுவோ அங்கே பூட்டு விழுகிறது. திண்டுக்கல்காரனுக்குப் பூட்டு உவமையை விட்டால் வேறு கிடைக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் நாடாளுமன்றத்துக்கே பூட்டுப் போட்டார்கள். தேர்தலைத் தொட முடியாத நாடுகளில் அது அரசாணையிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் ஆலை விடுதியின் வாயிற்கதவிலும் தொங்குகிறது.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 1932இல் ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட் தொழிலதிபர்கள் கூட்டமொன்றில், பொருளாதாரம் நலமாக இருக்க வேண்டுமானால் அரசு வலுவாக இருக்க வேண்டும் என்று பேசினார். மறு ஆண்டு இன்னொரு சட்ட அறிஞரான ஹெர்மன் ஹெல்லர் அதற்கு 'எதேச்சாதிகாரத் தாராளவாதம்' என்று பெயர் வைத்தார். முதலாளியின் விஷயத்தில் ஒதுங்கி நிற்கும் அரசு, தொழிலாளியின் விஷயத்தில் மட்டும் இறுகுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அந்த ஆண்டே நாடிழந்தவராக மாட்ரிடில் இறந்துபோனார்.

ஹெல்லர் சொன்னது நாற்பது ஆண்டு கழித்துச் சிலியில் நடந்தது. 1973 செப்டம்பர் 11 அன்று அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவம், பொருளாதாரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர்களின் கையில் கொடுத்தது. 1979இல் வந்த தொழிலாளர் சட்டம் கூலிப் பேச்சை ஒவ்வொரு நிறுவனத்தின் மதிலுக்குள்ளும் அடைத்தது. ஒரு தொழிலின் தொழிலாளர்கள் எல்லோரும் சேர்ந்து பேரம் பேச வழியில்லாமல் போனது. 1981இல் பழைய ஓய்வூதியம் போய்த் தனித்தனிச் சேமிப்புக் கணக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் ஒரு சின்ன விவரம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: நாடு முழுவதற்கும் நல்லது என்று சொல்லி அதைக் கொண்டுவந்த ராணுவம் தன்னை மட்டும் பழைய ஓய்வூதியத்திலேயே வைத்துக்கொண்டது.

இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டம் 2004 ஜனவரி 1 முதல் வந்தது. இங்கும் முப்படையினருக்கு விலக்கு. இங்கே யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை; 2003 டிசம்பரில் வெளியான ஓர் அறிவிக்கையே போதுமானதாக இருந்தது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2013இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்த லட்சக்கணக்கானவர்களின் முதுமை, அவையில் நிறைவேறாத ஒரு விதியின் கீழ் தீர்மானமானது.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் பாடம் இலங்கை. அங்கே தேர்தலும் இருந்தது, பூட்டும் விழுந்தது. 1977 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி நாடாளுமன்றத்தின் ஆறில் ஐந்து பங்கு இடங்களை அள்ளியது. சில மாதங்களிலேயே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, ரூபாயின் மதிப்பு இறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வழி செய்தார்கள். நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையை நாட்டுக்குக் கொடுத்த அரசியலமைப்பும் அதே 1978இல் வந்தது. மறு ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம். அதே ஆண்டு, பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை. 1980 ஜூலையில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 40,000 பேர் வேலையிழந்தார்கள். அந்த அடியிலிருந்து இலங்கைத் தொழிற்சங்க இயக்கம் பழையபடி எழவேயில்லை. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, 1977இன் நாடாளுமன்றத்துக்கே இன்னும் ஆறாண்டு ஆயுள் வாங்கினார் ஜயவர்த்தன. தன் கட்சி உறுப்பினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தார்.

1983 ஜூலைப் படுகொலையைத் திறந்த பொருளாதாரத்தின் கணக்கில் எழுதுவது தவறு. சிங்களப் பேரினவாதத்துக்குத் தனி வரலாறு உண்டு. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் மூடிய பொருளாதாரத்தின் காலத்துக்கும் முந்தியது. ஆனால் அந்த ஆறாண்டுகளில் எதிர்க்குரலுக்கான வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டிருந்தன என்பதையும் மறுக்க முடியாது. ஜயவர்த்தனவுக்கு முன் ஆண்ட சிறிமாவோ காலத்து இறக்குமதித் தடையில் மிளகாயும் வெங்காயமும் போட்டு நிமிர்ந்த யாழ்ப்பாணத்து விவசாயிக்கு 1977க்குப் பிந்தைய இறக்குமதி பலத்த அடி. திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் சின்ன வெங்காயத்துக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தால் இங்கே முகம் மலர்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் அதே மூட்டை வேறு கதை சொல்லும்.

இந்தியா 1991இல் வேறு பாதையில் போனது. நரசிம்ம ராவ் அரசுக்குப் பெரும்பான்மையே கிடையாது. ஜூலை 24 அன்று தொழிற்கொள்கையும் பட்ஜெட்டும் ஒரே நாளில் வந்தன. வலுவான ஆட்சி இல்லாமலே இவ்வளவு பெரிய மாற்றத்தை எப்படி நகர்த்தினார்கள்? அரசறிவியலாளர் ராப் ஜென்கின்ஸ் 1999இல் எழுதிய நூலில், சத்தமில்லாமல், பழைய கொள்கையே தொடர்வதுபோலக் காட்டிக்கொண்டு நகர்த்தினார்கள் என்று விளக்கினார். அது சரிதான் என்று நம்புவதற்கு நாகல் நகர் போதும்.

நாகல் நகர் சௌராஷ்டிர நெசவாளர்களின் குடியிருப்பு. காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும் என்று பரபரத்த தெருக்கள். கைத்தறிக்கு வேண்டியது சிட்டா நூல். விசைத்தறிக்குக் கோன் நூல். ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்குத் தரும் நூலில் பாதியைச் சிட்டாவாகத் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2003இல் அதை 40 சதவீதமாக்கினார்கள், 2019இல் 30 சதவீதமாக்கினார்கள். சில துணி ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி வைக்க 1985இல் சட்டம் போட்டார்கள். முதலில் 22 ரகங்கள், 1996இல் அது 11 ஆகச் சுருங்கியது. 1991க்குப் பிறகு நூல் ஏற்றுமதி பெருகி உள்ளூரில் சிட்டா விலை ஏறியபோது, ஆந்திரத்தில் நெசவாளர்கள் பட்டினியில் செத்த செய்திகள் வந்தன.

இவற்றில் எந்த முடிவும் ஒரு தேர்தல் பிரச்சாரத்தில் பேசப்பட்டதில்லை. சிட்டா சதவீதத்தைக் குறைப்போம் என்று வாக்குக் கேட்டு எந்தக் கட்சியும் நாகல் நகருக்குள் வரவில்லை. குறைத்தபின் யாரும் விளக்கம் சொல்லவும் வரவில்லை. ஜவுளி ஆணையரின் அறிவிக்கை மட்டும் அரசிதழில் வந்தது. 1995-96 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 65.5 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 2019-20இல் 35.2 லட்சம். இந்த வீழ்ச்சியை எதேச்சாதிகாரம் என்று நான் சொல்ல மாட்டேன். விசைத்தறியின் வேகமும், படித்த பிள்ளைகள் குழித்தறியில் உட்கார விரும்பாததும் சேர்ந்த கதை அது. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: நெசவாளிக்கு வாக்கு இருந்தது, அவன் தொழிலைத் தீர்மானித்த முடிவு எதுவும் அந்த வாக்கின் எல்லைக்குள் வரவில்லை.

சத்தமில்லாமல் செய்ய முடியாத சீர்திருத்தங்களும் உண்டு. அரசு ஊழியரின் ஓய்வூதியமும் போனஸும் விடுப்புச் சரண்டரும் அப்படிப்பட்டவை. குறைத்தால் மாதக் கடைசியிலேயே தெரிந்துவிடும். 2001இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா, கஜானா காலி என்ற வெள்ளை அறிக்கையோடு தொடங்கி இவை எல்லாவற்றிலும் கை வைத்தார். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்பவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்றார். மத்திய அரசைவிட ஒன்பது மாதம் முந்திக்கொண்டார். நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் அந்த ஆண்டே வந்தது.

2003 ஜூலை 2 அன்று ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்கு முன்பே தலைவர்களை இரவோடு இரவாகப் பிடித்திருந்தார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், மக்கள் வாயில் எஸ்மா, 2002 முதலே கையில் இருந்தது. அது போதாதென்று விசாரணையின்றி வேலையைவிட்டு நீக்க வகைசெய்யும் அவசரச் சட்டம் ஜூலை 4 அன்று முன்தேதியிட்டு வந்தது. சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். எந்தக் குற்றப்பத்திரிகையும் கிடையாது. பிறகு உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டில் பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதமும் நடத்தை விதிகளை மீறமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத் திரும்பினார்கள். ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று தீர்ப்புச் சொன்னது.

இது ஜெயலலிதா என்ற தனிமனிதரின் சுபாவம், சீர்திருத்தத்தின் இயல்பு அல்ல என்று அப்போதும் இப்போதும் சொல்பவர்கள் உண்டு. சுபாவத்துக்குப் பங்கு இருந்தது, சந்தேகமில்லை. சீர்திருத்தம் எதுவும் இல்லாத காலத்திலும் இந்திய அரசு இப்படி நடந்திருக்கிறது என்பதும் உண்மைதான். 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தை நசுக்கியதும், நெருக்கடி நிலையில் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 ஆக வெட்டியதும் 'சோஷலிச' இந்திராவின் ஆட்சி. ஆனால் 2004 மே மாதத்தைப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை. மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு, புதுச்சேரியின் 40 இடங்களையும் திமுக கூட்டணி வென்றது. சில நாட்களிலேயே ஜெயலலிதா ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றார்: ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் போயின, விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்பியது, மதமாற்றத் தடைச் சட்டம் போனது. வாக்கு ஜெயித்தது என்று அன்று எல்லோரும் எழுதினோம்.

திரும்பப் பெற்றவற்றின் பட்டியலில் பங்களிப்பு ஓய்வூதியம் இல்லை. 2006இல் வந்த திமுக ஆட்சியும் அதைத் தொடர்ந்தது, பின்னால் வந்தவர்களும் தொடர்ந்தார்கள். தடி உள்ளே போனது. தடியைக் காட்டிக் கொண்டுவந்த விதி பல ஆண்டுகள் தங்கிவிட்டது. இதுதான் சிலியிலும் நடந்தது, இலங்கையிலும் நடந்தது. சிலியின் ராணுவ ஆட்சியாளர் பினோசெ 1990இல் பதவியிலிருந்து இறங்கியபின் வந்த ஜனநாயக அரசுகள் தனிக்கணக்கு ஓய்வூதியத்தைக் கலைக்கவில்லை. ஜயவர்த்தனவின் ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று சொல்லி ஜெயித்தவர்கள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடக்குமுறை கொஞ்ச காலம் இருந்தால் போதும். அந்த நேரத்தில் மாறிய விதியைக் காக்க அதற்குப்பின் யாரும் அடக்குமுறையைக் கையில் எடுக்க வேண்டியதில்லை.

அரசு ஊழியருக்காவது சங்கம் இருந்தது, பத்திரிகைகள் எழுதின, நீதிமன்றம் வரை போக முடிந்தது. நூற்பாலைப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வணிகத்தின் கோட்டா முறை முடிந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் திண்டுக்கல் சமவெளியில் ஆலைகள் பெருகின. மழை பொய்த்த கிராமங்கள், மலிவான நிலம், கோவை, மதுரையின் பழைய சங்கங்களிலிருந்து தொலைவு என்று ஆலைக்காரர்களுக்கு எல்லாம் கூடிவந்தது. பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஒட்டிய நோட்டீஸ்களை இந்தப் பக்கத்தில் வளர்ந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்: பெண்கள் தேவை, உணவு, தங்குமிடம் உண்டு, மூன்று வருட முடிவில் மொத்தமாகத் தொகை. சுமங்கலித் திட்டம், திருமண உதவித் திட்டம், கேம்ப் கூலி என்று பல பெயர்கள். கையில் கிடைப்பதாகச் சொன்ன தொகை பெரும்பாலும் முப்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரத்துக்குள். வரதட்சணைக்கு ஆகும் என்று பெற்றோரை நம்பவைத்தார்கள். நடுவில் நின்றால் மொத்தத் தொகையும் போய்விடும் என்ற பயமே வேலியாக இருந்தது.

ஏன் மூன்று வருடம்? தமிழ்நாட்டில் 1981இல் வந்த நிரந்தரத் தகுதிச் சட்டத்தின்படி, 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. பதிவேட்டில் 'பயிற்சியாளர்' என்று எழுதிவிட்டால் அந்த நாள்கணக்கு ஓடாது என்பது ஆலைக்காரர்களின் கணக்கு. நிரந்தரம் இல்லையென்றால் சங்கமும் இல்லை. விடுதி அதற்குமேல் ஒரு வசதி. நெதர்லாந்தின் சோமோ என்ற ஆய்வு அமைப்பு 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் உள்ளே இருந்ததை விவரித்தன: கைபேசிக்குத் தடை, வெளியே போனால் காவலாள் துணை, பெற்றோர் வருவதற்குக் குறித்த நாள், ஷிப்ட் முடிந்தபின் கூடுதல் வேலைக்கு அழைத்தால் மறுக்க முடியாத நிலை. வாக்களிக்கும் வயது வந்த பெண் தேர்தல் நாளில் ஊருக்கு வந்து வாக்களிக்கலாம். மறுநாள் அவள் திரும்பிப் போகும் இடத்தில் யாரைப் பார்க்கலாம், எப்போது தூங்கலாம் என்பதை வார்டன் தீர்மானிப்பார். நாடு முழுவதையும் அடக்கி ஆள வேண்டிய அவசியம் எந்த அரசுக்கும் இல்லை. வேலி போட்ட சில ஏக்கர்களுக்குள் அந்த வேலையைத் தனியாரே பார்த்துக்கொள்கிறார்கள்.

வாக்கு முற்றிலும் வலுவிழந்துவிடவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவைத் திமுக அரசு நிறைவேற்றியபோது, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பத்தே நாள். சட்டமன்றத்தில் வெளிச்சத்துக்கு வந்ததால் தடுக்க முடிந்தது. ஆலைக்குள் எழுதப்படாமலே நடக்கும் 12 மணி நேரத்தை எந்த வெளிநடப்பும் தொடவில்லை.

அந்த மதிலைத் தாண்டி நடந்த ஒன்றுக்கு இந்த ஊரின் பெயரே இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம்சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையில் இயங்கும் டிடிசியு என்ற தொழிற்சங்கம் ஓராண்டுக்கு மேல் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆடை உற்பத்தி நிறுவனமும் அந்தச் சங்கமும் உடன்பாடு செய்துகொண்டன. அதன் பின்னணியில் ஹெச் அண்ட் எம் கையெழுத்திட்டது, பிறகு கேப், பிவிஹெச் நிறுவனங்களும் சேர்ந்தன. உலக ஆடைத் தொழில் வட்டாரத்தில் அதைத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே அழைக்கிறார்கள். அதன் விதிப்படி, சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்த பெண்கள் ஒவ்வொரு பிரிவிலும் கண்காணிப்பார்கள். புகாரை விசாரிக்க வெளியார் உண்டு. மீறினால் ஆர்டர் குறையும்.

இதைச் சந்தையின் வெற்றி என்று வாசிக்கலாம். ஒரு வகையில் அது உண்மையும்கூட. உலகச் சந்தை இல்லாவிட்டால் இந்தப் பிடியே கிடைத்திருக்காது. எனக்கு உறுத்துவது வேறு. இந்திய அரசியலமைப்பு தந்த சங்கம் சேரும் உரிமையைத் திண்டுக்கல்லில் நிலைநாட்ட ஸ்டாக்ஹோமில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு கடைத்தொடரின் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்தும் ஒரே நிறுவனத்தின் சில ஆயிரம் தொழிலாளர்களுக்குத்தான். வேடசந்தூர் ஆலையில் ஓடும் நூல் உள்ளூர் விசைத்தறிக்குப் போகிறது, ஈரோட்டுச் சந்தைக்குப் போகிறது. அதில் வெளிநாட்டுப் பெயர்ச்சீட்டு எதுவும் தொங்குவதில்லை. ஆர்டரை நிறுத்துவேன் என்று மிரட்ட அங்கே ஆளில்லை.

அந்தப் பெண்களுக்கு மிச்சம் இருப்பது தொழிலாளர் துறை. அதன் கையிலிருந்த சட்டங்களும் மாறிவிட்டன: 29 சட்டங்களைச் சுருக்கிய நான்கு தொழிலாளர் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் மூன்றை 2020 செப்டம்பரில், மாநிலங்களவையை எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்தபோது நிறைவேற்றினார்கள். எந்தத் தொழிலானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழிற்சாலையை மூட அரசிடம் கேட்க வேண்டியதில்லை. முன்பு அந்த வரம்பு 100. ஆய்வாளர் இனி வழிகாட்டுநராகவும் இருப்பார். எந்த ஆலைக்கு எப்போது சோதனைக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும்.